ஓலை எழுதாத புலவன்

வா பேராண்டி. சென்னையில இருந்து பஸ்ஸுல வந்த அலுப்பு இன்னும் மூஞ்சியில இருக்கு. திண்ணையில உக்காரு. லேப்டாப்பை அந்தப் பக்கம் தள்ளி வை, கோழி மிதிச்சுரும். அதுக்கு ஆப்பிளுன்னு தெரியாது, கொத்திப் பாக்கும்.

உனக்கு 3,000 ஃபாலோயர் ஆயிருச்சுன்னு உங்க ஆச்சி தெரு முழுக்கச் சொல்லிட்டா. சந்தோசம். எங்க காலத்துல ஒருத்தனுக்குப் பின்னால அம்புட்டுப் பேரு வந்தா, ஒண்ணு அவன் எலெக்சன்ல நிக்கிறான், இல்ல எவன் ஆட்டையோ திருடியிருக்கான். நீ ரெண்டும் இல்லேங்கிற. ஃப்ரீலான்ஸ் ரைட்டர்ங்கிற. சரி, அந்த 3,000 பேருல இந்த வருசம் உனக்கு எழுத்துக்கூலி கொடுத்தவன் எத்தனை பேரு? விரலை மடக்கு பாப்போம். ரெண்டு. அதுல ஒருத்தன் இன்னும் பாக்கி. மிச்ச விரலை நீட்டியே வை, மொபைல் தள்ளுறதுக்கு ஆகும்.

பத்திரம் எழுதுன கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு பாக்குற பாரு, அந்தப் பார்வையை ஆச்சிகிட்ட வச்சுக்கோ. நானும் ஃப்ரீலான்ஸ்தான்லே. 31 வருசம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசு வாசல்ல, வேப்பமரத்தடியில. மாசச் சம்பளம் கிடையாது, பென்சன் கிடையாது. கிரயமோ ஒத்தியோ விடுதலையோ பாகப்பிரிவினையோ, பத்திரம் வந்தா கூலி. வராத அன்னைக்கு வேப்பம்பூவைப் பொறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வரணும், ரசத்துக்காவது ஆகும். ஒரே ஒரு வித்தியாசம்: நீ எழுதுனதுல ஒரு வார்த்தை பிசகுனா எடிட் பண்ணிக்கிடலாம். நான் பிசகுனா ரெண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல உன் பக்கத்தைக் காட்டுனா. பேருக்குக் கீழ என்னமோ போட்டிருக்கியே. 'சொற்களின் காதலன். கதைசொல்லி. நாடோடி. ஃபில்டர் காபி. கனவுகளை மொழிபெயர்ப்பவன்.' ஏலே, கனவை மொழிபெயர்க்க ஆள் வேணும்னு எவன் அலையுறான்? நாடோடிங்கிற, ஊருப் பக்கம் எட்டிப் பாத்தே ஒரு வருசமாச்சு. ஒரு ஆஸ்பத்திரிக்காரன் சர்க்கரை வியாதி பத்தி நோயாளிக்குப் புரியுற தமிழ்ல நாலு பக்கம் எழுத ஆள் தேடுறான்னு வையி. கூகுள்ல என்னன்னு அடிப்பான்? மருத்துவக் கட்டுரை, தமிழ், எழுத்தாளர்னு அடிப்பான். ஃபில்டர் காபின்னு அடிச்சா அது அவனைக் கும்பகோணத்துக்குல்ல கூட்டிட்டுப் போகும்.

பத்திரத்துல செக்குபந்தின்னு ஒண்ணு எழுதுவோம். வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை, மேற்கே இன்னார் தோட்டம், இதுக்கு உள்பட்டது சர்வே நம்பர் இன்னது, விஸ்தீரணம் இம்புட்டு. நாலு எல்லையும் சொல்லாம 'கரிசல்ல எனக்கு ஒரு நிலம் இருக்கு, அருமையான நிலம், வானவில்லு தெரியும்'னு பத்திரம் கொண்டுபோனா சப்-ரிஜிஸ்திரார் மேலயும் கீழயும் பாப்பாரு. நீ அப்படித்தான் போட்டிருக்கே. எதைக் கேட்டாலும் எழுதுவேன்ங்கிற. எதையும் எழுதுறவன்கிட்ட எதைக் கொடுக்கன்னு தெரியாம வந்தவன் திரும்பிப் போயிருவான்.

உன் எல்லை என்னன்னு எனக்குத் தெரியும், உனக்குத்தான் மறந்துபோச்சு. மைக்ரோபயாலஜி படிச்சே. ரெண்டு வருசம் ரத்தப் பரிசோதனை லேபுல வேலை பாத்தே. அதை எங்கயாவது ஒரு வரி எழுதியிருக்கியா? களவாண்ட நகை மாதிரி ஒளிச்சு வச்சிருக்கே. லேபுல இருந்தேன்னு சொன்னா இலக்கியவாதின்னு நினைக்க மாட்டாங்களாக்கும்! ரத்தமும் சர்க்கரையும் உப்பும் தமிழ்ல எழுதத் தெரிஞ்சவன் எத்தனை பேரு இருப்பான்? கனவை மொழிபெயர்க்கிறவன் தெருவுக்கு ஒம்பது பேரு.

இரு, வெத்திலை போட்டுக்கிடுதேன்.

எங்க தமிழ் வாத்தியாரு நன்னூலைப் பிரம்பால சொல்லிக் கொடுத்தவரு. முதுகைத் தடவிப் பாத்தா இன்னும் ரெண்டு சூத்திரம் கையில தட்டுப்படும். 13ஆம் நூற்றாண்டுல சீயகங்கன்னு ஒரு சிற்றரசன் கேட்டு, பவணந்தி முனிவர் எழுதுன இலக்கணம் அது. எழுத்து, சொல்லுன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால பாயிரம்னு ஒண்ணு வச்சாரு. அதுல ஒரு போடு போட்டாரு பாரு: ஒருத்தன் எம்புட்டுத் துறையைக் கரைச்சுக் குடிச்சிருந்தாலும் தன்னைத்தானே புகழ்ந்துக்கிடுறது தகுதி இல்ல. இதைக் கேட்டதும் உன் முகம் பிரகாசமாகுது. 'பாத்தியா தாத்தா, அதான் நான் வேலை கேக்குறதில்ல'ங்கிற. அவசரப்படாதே. அடுத்த சூத்திரத்துலயே கதவைத் திறந்து விட்டுட்டாரு. நாலு இடத்துல புலவன் தன்னைப் புகழ்ந்துக்கிடலாம். ராசா சபைக்கு ஓலை எழுதும்போது. தன் திறமை என்னன்னு தெரியாதவங்க நடுவுல. சபையில வாதாடி ஜெயிக்க வேண்டிய நேரத்துல. எதிராளி தன்னை மட்டம் தட்டும்போது.

யோசிச்சுப் பாரு, அந்தக் காலத்துப் புலவனுக்கும் மாசச் சம்பளம் ஏது? அவனும் நம்ம ஜாதிதான், கூலி எழுத்து ஜாதி. பாடிட்டு வீட்டுல உக்காந்திருந்தா பரிசில் நடந்து வராதுன்னு முனிவருக்கே தெரிஞ்சிருக்கு.

இப்போ உன் வழக்கை எடுப்போம். நீ தினம் உன்னைப் புகழ்ந்துக்கிடுற இடம் எது? உன் திறமை ஏற்கெனவே தெரிஞ்சவங்க நடுவுல. அந்த 3,000 பேருல பாதி உன்கூடப் படிச்சவன், மீதிப் பாதி உன்னை மாதிரியே எழுதுறவன். அவன் போட்டதுக்கு நீ ஹார்ட் போடுவே, நீ போட்டதுக்கு அவன் ஹார்ட் போடுவான். இதுக்குப் பேரு மொய்லே. மொய்ப்பணம் ஊரைச் சுத்தி வந்து திரும்ப நம்ம கைக்கே வரும், நடுவுல பந்திச் செலவு மட்டும் நம்ம தலையில. வருமானம்னு அதை எந்தக் கிறுக்கனும் கணக்குல எழுத மாட்டான்.

ஓலை எத்தனை எழுதுனே இந்த மாசம்? சொல்லு. ஒண்ணுமில்ல. போன மாசம்? அதுவும் இல்ல. முனிவர் போகக்கூடாதுன்ன இடத்துல எல்லாம் போய்ப் புகழ்ந்துட்டு, போகலாம்னு வழிவிட்ட முதல் வாசலை மட்டும் மிதிக்கவே இல்ல. 'அவங்களாப் பாத்துக் கூப்பிடணும் தாத்தா'ங்கிற. நீ என்ன கல்யாணப் பொண்ணா, வந்து பாத்துட்டுப் போறதுக்கு? அவளே இப்போ மேட்ரிமோனியில பதிஞ்சு வச்சிருக்கா.

ஓலைன்னா எட்டுப் பக்கம் இல்ல. உன் வாழ்க்கை வரலாறும் இல்ல. ஏதோ ஒரு லேபு ரிப்போர்ட்டை எடுத்துக்கோ. அதுல ஹெச்பிஏ1சின்னு போட்டு ஒரு நம்பர் இருக்கு, பக்கத்துல தமிழ்ல ஒரு வரி இல்ல. ஊருல அதுக்கு மூணு மாசச் சுகர்னு பேரு. அந்தப் பேருகூட அங்க இல்ல. உங்க ஆச்சி அதைப் பாத்துட்டு ரத்தத்துல ஏழரை இருக்குன்னு சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போட்டவ. அதை எழுது ஓலையில. 'உங்க ரிப்போர்ட்டைப் பாத்தேன். வாங்கிட்டுப் போறவருக்கு இந்த வரி புரியாது. நான் லேபுல இருந்தவன். இதைத் தமிழ்ல விளக்கி ஒரு பக்கம் எழுதியிருக்கேன், பாருங்க. பிடிச்சா மிச்சத்தையும் எழுதித் தாறேன். பக்கத்துக்கு இம்புட்டுக் கூலி.' ஆறு வரி. முதல் வரியில அவன் சங்கதி, கடைசி வரியில கூலி. யார் கையில போய்ச் சேரணும்னு பாத்து அவன் பேருக்கு எழுது. 'மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா'ன்னு நாப்பது பேருக்கு ஒரே நகலை அனுப்புனா அது ஓலை இல்ல, சுவத்துல ஒட்டுற மூலம் பவுத்திரம் நோட்டீசு. ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்து. அப்பவும் சத்தம் இல்லேன்னா அடுத்த வாசல். வைய வேண்டாம்.

கூச்சமா இருக்கா? கோவில்பட்டியில பஸ் ஏறினா அரைமணி நேரத்துல எட்டயபுரம். அங்க பிறந்த மீசைக்காரரு கூச்சப்பட்டாரா? 1920ல கடையத்துல இருந்து ஊருக்கெல்லாம் சுற்றறிக்கை விட்டாரு. தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாப் போடப்போறேன், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, ஆக 4 லட்சம், அதுக்குக் கடன் கொடுங்கன்னு. மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விலைபோகும்னு அவருக்கு நம்பிக்கை. பணம் வரல. மறு வருசம் ஆளும் போயிட்டாரு. அவரு போயி ரெண்டு வருசம் கழிச்சு 1923லதான் சிவகாசியில தீப்பெட்டி ஆபீசே ஆரம்பிச்சாங்க, அது அப்புறம் நம்ம பக்கமெல்லாம் பரவுச்சு. தீப்பெட்டி வீட்டுக்கு வீடு போச்சு. புத்தகமும் போகத்தான் செஞ்சுது, பாக்க அவரு இல்ல. நீ சிரிக்காதே. திட்டம் ஆகலேங்கிறது வேற. பிரதி எத்தனை, தொகை எவ்வளவுன்னு கணக்கோட ஓலை எழுதி, என் எழுத்து விக்கும்னு நெஞ்சை நிமித்திச் சொன்னாரா இல்லையா? உனக்கு ஒரு மெயிலுக்கு மூணு நாள் கை நடுங்குது.

காரியமா முடிச்சவரு வேற ஒருத்தரு. கும்பகோணம் காலேஜுல தமிழ் வாத்தியாரா இருந்த உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887ல அச்சுல கொண்டுவந்தாரே, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் அவரு வீட்டுல பணம் காய்ச்சிருந்துச்சா? புத்தகம் வர்றதுக்கு முன்னாலயே, வந்தா வாங்கிக்கிடுதேன்னு ஆளுக ஆளுகளாப் பாத்துக் கையொப்பம் வாங்குனாரு. கையொப்பக்காரர்கள்னே பேரு அதுக்கு. இன்னைக்கு நீங்க நியூஸ்லெட்டர், சப்ஸ்கிரைபர்ன்னு சொல்லுறது அந்தப் பட்டியல்தான். லைக் போடுறவன் வேற, கையொப்பம் போடுறவன் வேற. லைக்குப் போட்டவன் கட்டைவிரலைத் தூக்கிட்டுப் போயிருவான். கையொப்பம் போட்டவன் 'என் வீட்டு விலாசம் இது, எழுதுனா இங்கன அனுப்பு'ன்னு கொடுத்துட்டுப் போறான். உன்கிட்ட அப்படி 50 விலாசம் இருந்தா நான் எழுந்து நின்னு கும்பிடுதேன், முட்டிவலியோட.

அதுல ஒரு வில்லங்கம் இருக்கு கேட்டுக்கோ. ஃபேஸ்புக்குல, இன்ஸ்டாகிராம்ல நீ கட்டி வச்சிருக்கிறது புறம்போக்கு நிலத்துல போட்ட குடிசை. காத்து நல்லா வரும். சனம் போற வழி. வாடகையும் இல்ல. ஆனா பட்டா யாரு பேருல? மார்க் சக்கர்பெர்க் பேருல. ஒரு நாள் காலையில பாதையைத் திருப்பி விட்டா உன் வாசல்ல ஈ காக்கா வராது. கணக்கை முடக்கிட்டா, எந்தத் தாசில்தார்கிட்டப் போயி மனுக் கொடுப்பே? ஆகையினால ரெண்டு செண்டுன்னாலும் சொந்தமா வாங்கிப் போடு. உன் பேருல ஒரு டொமைன், அதுல ஒரு வெப்சைட். வருசா வருசம் தீர்வை கட்டுற மாதிரி கொஞ்சம் காசு கட்டணும், அம்புட்டுதான். கட்ட மறந்துராதே, ஏலத்துல போயிரும். அங்க என்ன வைக்கணும்? நீ யாரு, எதை எழுதுவே, எழுதுனதுல நல்லது ஆறு, எப்படிக் கூப்பிடணும். ஆறு போதும். நூத்தி நாப்பது கட்டுரையையும் கொட்டி வச்சா எது நல்லதுன்னு வந்தவன் சலிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா? சப்ஸ்டாக்குன்னு ஒண்ணு 2017ல வந்துச்சாமே, பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னா. அதுவும் அடுத்தவன் நிலந்தான். ஆனா கையொப்பப் பட்டியலை நாம எடுத்துக்கிட்டுக் கிளம்பிரலாமாம். குத்தகைக்காரன் நாத்தைப் பிடுங்கிட்டுப் போற மாதிரி. அது பரவாயில்ல.

புறம்போக்கைக் காலி பண்ணச் சொல்லல. குடிசையில பலகை போட்டு வீட்டுக்கு வழி சொல்லு. சந்தையில கடலைமிட்டாய்க்காரன் என்ன செய்யுறான்? ஒரு விள்ளல் ஒடைச்சுக் கையில வைக்கிறான். கடையைத் தூக்கிக்கிட்டா வந்து வாயில திணிக்கிறான்? நீ என்னடான்னா ஒரு கட்டுரை வந்தா போதும், குடும்ப குரூப்பு, பள்ளிக்கூட குரூப்பு, அப்பார்ட்மெண்டு தண்ணி லாரி குரூப்பு எல்லாத்துலயும் லிங்கைப் போட்டு 'வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லவும்'. ஒரு தடவைக்கு அஞ்சு இடத்துக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸ்ஆப்புக்காரன் 2018லயே நம்ம நாட்டுக்குக் கட்டுத்தறி அடிச்சானே, உன்னை மாதிரி ஒருத்தனைப் பாத்துத்தான் அடிச்சிருப்பான்.

எனக்கு எப்படி ஆளு வந்துச்சுன்னு கேக்க மாட்டியே. அந்த வேப்பமரத்தடியில நாங்க மூணு பேரு. ஒருத்தன் பஸ் நிக்கிற இடத்துக்கே போயி, இறங்குற சம்சாரி கையில இருக்கிற மஞ்சப்பையைப் பிடிச்சு இழுப்பான். இன்னொருத்தன் மர நிழலை விட அகலமா போர்டு எழுதி வச்சான். நான் ஒண்ணு செஞ்சேன். யாரு பழைய பத்திரத்தைக் கொண்டுவந்தாலும் சும்மா படிச்சுச் சொல்லுவேன். அஞ்சு நிமிசம். 'அண்ணாச்சி, இதுல கிணத்துல மூணுல ஒரு பாகம்னு இருக்கு, ஆனா பம்புசெட்டுப் பாத்தியம் எழுதல, நாளைக்குத் தம்பிகாரன் சண்டைக்கு வருவான்.' அந்த ஆளு அப்படியே நிப்பாரு. படிச்சதுக்குக் காசு வேண்டாம்பேன். அடுத்த பத்திரம் வேற எவன்கிட்டப் போவாரு சொல்லு? தங்கச்சி மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வருவாரு.

நீ அந்த மூணு மாசச் சுகர் மாதிரி லேபு சங்கதியைப் பத்தி வாரத்துக்கு ஒண்ணு, எண்ணி இருநூறு வார்த்தை, புரியுற தமிழ்ல போட்டுப் பாரு. ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும், வெறும் வயித்துல எதுக்கு ரத்தம் எடுக்கான். காலையில எழுந்திருச்சு 'இன்று ஆயிரம் வார்த்தைகள் எழுதினேன், கண்ணீருடன்'னு போடுறதை நிப்பாட்டு. யாருக்குலே வேணும் உன் கண்ணீரு? கூலிக்காரன் 'இன்று நாலு பாத்தி வெட்டினேன், வியர்வையுடன்'னு தண்டோராவா போடுறான்?

ஆனா சும்மாங்கிறதுக்கும் ஒரு எல்லைக்கல் நடணும். படிச்சுச் சொல்லுறது சும்மா, எழுதுறது கூலி. பத்திரத்தையே சும்மா எழுதிக் கொடுங்க, நாலு பேருக்கு உங்க பேரைச் சொல்றேன்னு ஒரு பெரிய மனுசன் வந்தாரு. நான் எழுதிக் கொடுத்தேன், அப்போ வயசு. சொன்ன மாதிரியே நாலு பேருகிட்டச் சொன்னாரு: 'அவன்கிட்டப் போங்க, சும்மா எழுதுவான்.' நாலு பேரும் வந்தாங்க. உனக்கு வருதே, காசு இல்ல, உங்க பேரு நிறையப் பேருக்குப் போய்ச் சேரும்னு, அவரு பேரனாத்தான் இருக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் கண்ணைத் திறந்து வையி. 1957ஆம் வருசத்துக் காப்புரிமைச் சட்டத்துல, எத்தனை காலத்துக்குன்னு ஒப்பந்தத்துல எழுதாட்டா அஞ்சு வருசம்னு எடுத்துக்கிடுது. காலத்தை எழுது, இன்னின்ன உபயோகத்துக்குன்னு எழுது, இணையத்துல என் பக்கத்துல மாதிரிக்கு வச்சுக்கிடுவேன்னும் ஒரு வரி சேரு. வந்த கட்டுரைக்கு ஒரு நகல் எடுத்து வை. இன்னைக்கு லிங்கு இருக்கும், நாளைக்குப் பத்திரிகைக்காரன் சைட்டையே இழுத்து மூடிட்டுப் போயிருவான். மூலப்பத்திரம் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

பவணந்தி இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. புத்தகத்தைப் புகழ்ந்து சிறப்புப்பாயிரம் எழுத வேண்டியவன் அதை எழுதுனவன் இல்ல. அவனோட ஆசிரியன், கூடப் படிச்சவன், மாணாக்கன், உரைகாரன், இந்த நாலு பேருல ஒருத்தன். லிங்க்ட்இன்ல பரிந்துரைன்னு ஒரு இடம் இருக்காம்ல, அந்தத் திண்ணை அதுக்குத்தான். உனக்குக் கூலி கொடுத்தானே அந்த ஒரு ஆளு, அவன்கிட்டக் கேளு ரெண்டு வரி. வேலை முடிஞ்ச அன்னைக்கே கேக்கணும், சூடு ஆறுனா அவனுக்கு உன் பேரே மறந்துபோகும். 'அருமையான எழுத்தாளர்'னு எழுதுனா வாங்காதே, அது கருமாதிப் பத்திரிகையில எழுதுறது. சொன்ன தேதியில கொடுத்தாரு, ரெண்டாந்தடவை திருத்த வேண்டியிருக்கலன்னு எழுதச் சொல்லு. சாட்சின்னா பாத்ததைச் சொல்லணும்.

மிஷின் எழுதுது தாத்தா, நம்மளை எவன் கூப்பிடுவான்னு மூக்கால அழாதே. எங்களுக்கும் 2018ல ஸ்டார் 2.0ன்னு பத்திரப்பதிவு சாஃப்ட்வேர் வந்துச்சு. பத்திரத்தையே அதுல தயார் பண்ணிக்கிடலாம்னாங்க. செக்குபந்தியை மிஷின் அச்சுக்கோத்த மாதிரி எழுதிரும். அந்தக் கிணத்துல யாருக்குப் பாத்தியம்னு, வெயில்ல நடந்துபோயி எட்டிப் பாத்தவனுக்குல்ல தெரியும். நீ லேபுல ரெண்டு வருசம் சிரிஞ்சு பிடிச்சியே, மிஷின் பிடிச்சுச்சா?

பத்திரத்தோட கடைசிப் பக்கத்துல ஒரு ஓரமா, எழுதுனவன் பேரும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும். வாங்குனவன் பேரு பெரிசா இருக்கும், வித்தவன் பேரு பெரிசா இருக்கும், நம்ம பேரு எறும்பு மாதிரி. இருபது வருசம் கழிச்சு எவனோ ஒரு பேரன் அந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு, எழுதுனது இவருதானான்னு வேப்பமரத்தைத் தேடி வந்திருக்கான். நெசமாத்தான். அப்படி ஏழெட்டுப் பேரு வந்திருக்கான்.

சரி, இருட்டப் போகுது. நம்ம மெயின்ரோட்டு லேபுக்காரரு மகன், வெப்சைட்டு ஒண்ணு போடுறானாம், தமிழ்ல எழுத ஆளு தேடுறானாம். போன வாரம் சுகர் பாக்கப் போனப்போ காதுல விழுந்துச்சு. உன் பேரை நான் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நான் உன் ஆசிரியனும் இல்ல, உரைகாரனும் இல்ல. லேப்டாப்பை எடு. ஆறு வரி.

என்னது, முதல் வரியை நானே சொல்லணுமா? ஏலே, இம்புட்டு நேரம் படிச்சுச் சொன்னதுக்குக் காசு கிடையாது. எழுதணும்னா கூலி. ஜிபே நம்பர் ஆச்சிகிட்ட இருக்கு, கேட்டு வாங்கிக்கோ.